பாஸ் மீன்பிடி: பெட்டியைத் திறக்குமுன் பாசியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் கோடைகாலச் சிறப்பிணைப்பில் கவார்த்தா ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பது பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணிநேர ஓட்டத்துக்குள் இருக்கும் இந்த ஏரிகளுக்குத் தூண்டிலோடு வரும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்காண்டு கூடிவருவதைப் படகுத்துறைகளில் நேரிலேயே காண்கிறேன். அவர்களுக்குத் தமிழில் வழிகாட்ட ஒரு பத்திரிகை முன்வந்தது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஐந்து செயற்கை இரைகளின் பெயர்களையும் நிறங்களையும் விலைகளையும் வரிசையாகத் தந்த அந்தக் கட்டுரை, அவற்றை எந்த நீரில், எந்தப் பாசிக்குள், எப்படிப் போடுவது என்பது பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. காலத்தைப் பற்றிய ஒரு பாரதூரமான தவறும் அதில் இருக்கிறது. அதற்குக் கடிதத்தின் இறுதியில் வருகிறேன்.

நீர் தெளிந்தும் பாசி அடர்ந்தும் கிடக்கும் ஏரியில், இரையைப் பாசி பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மீனின் விருப்பு வெறுப்பெல்லாம் அதற்குப் பின்னர்தான். எவ்வளவு அழகான இரையானாலும் பாசியில் சிக்கி, பச்சைக் கந்தலைப் போர்த்துக்கொண்டு திரும்பி வருமானால், அதை எந்த மீனும் திரும்பிப் பார்க்காது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு கோடைகாலங்களும், எண்ணிப் பார்க்க மனம் வராத அளவு பணமும் செலவாயின.

இந்த ஏரிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. கருங்கடலையும் கஸ்பியன் கடலையும் அண்டிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட வரிக்குதிரை மட்டி என்னும் சிறு சிப்பி, கப்பல்களில் சமநிலைக்காக ஏற்றப்படும் நீரோடு வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. பேரேரிப் பகுதியில் 1988இல் சென்ற் கிளயர் ஏரியில் அது கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில், ஒன்ராறியோ ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் 386 கிலோமீற்றர் நீளத்துக்கு இணைக்கும் ரெண்ட்-செவேர்ன் நீர்வழியிலும் பரவியது. விரல்நகம் அளவேயான ஒரு மட்டி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு தீர்த்துவிடும். கோடிக்கணக்கில் அவை பெருகியதும் ஏரி நீர் கலங்கல் நீங்கித் தெளிந்தது. தெளிந்த நீரில் வெயில் ஆழத்துக்கு இறங்கியது. வெயில் எட்டிய இடமெல்லாம் செடி முளைத்தது. ஆகவே தெளிவும் பாசியும் ஒரே காரணத்தின் இரு பிள்ளைகள். தூண்டில்காரருக்கோ அவை இரு வேறு சிக்கல்கள். பாசி, எந்த இரையைக் கட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது. தெளிவு, எவ்வளவு தூரத்திலிருந்து எந்தத் தூண்டில் நரம்பில் எறிவது என்பதைத் தீர்மானிக்கிறது. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘நீர் தெளிவாக இருந்தால் சிறிய இரை’ என்று முடித்துவிட்டார்.

நாம் எல்லாவற்றையும் ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதிலேயே குழப்பம் தொடங்குகிறது. கடலில் கிடப்பதைச் சாதாளை என்றும், குளத்தில் கிடப்பதைப் பாசி என்றும், பூத்து நிற்பதை அல்லி, தாமரை என்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்த நமக்கு, இங்குள்ள ஏரியின் அடியில் நிற்பவற்றைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரவில்லை. கவார்த்தா ஏரிகளில் ஒன்றான பால்சம் ஏரியில் ஒரு காலைப்பொழுதில் படகு நகரும் தூரத்துக்குள் ஐந்து விதமான செடிகளைக் காணலாம். அவை ஒவ்வொன்றும் இரையை ஒவ்வொரு விதமாகப் பிடித்துக்கொள்ளும், அல்லது விட்டுவிடும்.

இவற்றுள் பெரும் தொல்லை தருவது மில்ஃபொயில். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்து வந்த இந்தச் செடியின் இலை, கோழி இறகைப் போல மெல்லிய கீற்றுகளாகப் பிரிந்திருக்கும். ஜூன் மாதத்தில் அது நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே நிற்கும். ஜூலை முடியும்போது மேலே வந்து, அதற்குமேல் வளர இடமின்றிச் சாய்ந்து, பாய் விரித்ததுபோல் படிந்துவிடும். ஜூன் மாதத்து மில்ஃபொயிலின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழ இடைவெளியில் தகடு சுழலும், ஒற்றை முள் கொண்ட ஸ்பின்னர்பெயிற்றையோ, முள்ளோடு குண்டும் சேர்த்து வார்த்த நீந்தும் ஜிக்கையோ உச்சி உரசிய மாதிரி இழுத்துக்கொண்டு வரலாம். கீழே ஒளிந்திருக்கும் பாஸ் தலைக்குமேல் போகும் இரையை நோக்கி எழும்பிவரும். அதே இடத்தில் ஓகஸ்ட் மாதத்தில் அதே இரையை எறிந்தால், ஈரச் சடையொன்றைத்தான் கரைக்கு இழுப்பீர்கள். அப்போது தேவைப்படுபவை பாயின் மேலே ஊரும் இரப்பர்த் தவளையும், பாயைத் துளைத்துக்கொண்டு கீழே விழும் கனமான குண்டு கட்டிய இரையும்தான். பாய் மேலே தடிப்பாகத் தெரிந்தாலும் அதன் கீழே தண்டுகளுக்கிடையில் கூடம் போன்ற வெற்றிடம் இருக்கும். நிழலும் குளிர்ச்சியும் சிறுமீன்களும் உள்ள அந்த இடத்தை விட்டுப் பகலில் பெரிய பாஸ் வெளியே வருவது குறைவு. அங்கே போய்ச் சேர 28 முதல் 42 கிராம் வரையான குண்டு வேண்டியிருக்கும் என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

இங்குள்ளவர்கள் ‘கபேஜ்’ என்று அழைக்கும் அகன்ற இலைச் செடிக்கும் நாம் சமைக்கும் கோவாவுக்கும் எந்த உறவும் இல்லை. பழுப்பும் பச்சையும் கலந்த அதன் இலை அகலமானது, மொரமொரப்பானது; சுண்டி இழுத்தால் முறிந்துவிடும். சிறுமீன் வடிவில் மும்முள் தொங்கும் கிராங்பெயிற் போன்றவற்றை நம்பி எறியக்கூடிய பாசி இது ஒன்றுதான் என்பேன். இரை இலையில் மாட்டியதும் தடியை ஒரு சுண்டு சுண்டினால், இலை கிழிந்து இரை திடுக்கிட்டு ஓடுவதுபோல் விலகும். மீன் பெரும்பாலும் கொத்துவது அந்தக் கணத்தில்தான். கட்டுரையில் முதலிடம் பெற்ற இரை அத்தகைய கிராங்பெயிற்தான் என்பதால், அது கபேஜுக்கு மட்டும் பொருந்தும் என்ற ஒரு குறிப்பையாவது சேர்த்திருக்கலாம். (அதே செடிக்குள் மஸ்கி என்னும் கூர்பல் மீனும் பதுங்கும்; அதன் பல் பட்டால் நரம்போடு இரையும் போய்விடும் என்பதைப் புதியவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.)

கூன்ரெயில் என்ற செடி நமது நாட்டுக் குளங்களிலும் இருப்பதுதான். அதற்கு வேரே கிடையாது. அடித்தரையில் குவியல் குவியலாகக் கிடக்கும். முறியாது, விடவும் விடாது. ஆனால் மற்றச் செடிகள் பழுத்து அழுகும் இலையுதிர்காலத்திலும் அது பச்சையாகவே நிற்கும். அழுகும் செடி நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும் என்பதால், செப்டெம்பர் பிற்பகுதிக்குப் பின் பாஸைத் தேடுபவர் இந்தப் பச்சைக் குவியல்களையே தேட வேண்டும். நாடா போல நீண்டு கிடக்கும் ஈல்கிராஸ் வேறு மாதிரி: குண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டிப்போட்டுவிடும். அதற்குள் எறிவதை நான் கைவிட்டு நெடுநாளாகிறது. அதன் ஓரத்தோடு சரி.

இத்தனை வகைப் பாசிக்கும் பொதுவாக ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால், ‘ரெக்சாஸ் ரிக்’ என்ற பழைய முறையைத்தான் கட்டுவேன். கட்டுரை அதை ஒரே சொல்லில் கடந்துபோனதால், செய்முறையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன். துப்பாக்கிக் குண்டின் வடிவில், நடுவே துளையுள்ள ஒரு சிறு குண்டை நரம்பில் கோத்த பின், கழுத்து வளைந்த ஒற்றை முள்ளைக் கட்ட வேண்டும். பிளாஸ்ரிக் புழுவின் தலைக்குள் முள்ளின் நுனியை அரைச் சென்ரிமீற்றர் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, கழுத்து தலைக்குள் புதையும்வரை இழுக்க வேண்டும். பிறகு புழுவை நேராகத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எந்த இடத்தில் முட்டுகிறதோ அந்த இடத்தில் நுனியை ஊடுருவச் செய்து மறுபக்கம் எடுத்து, நுனியின் முனையை மட்டும் புழுவின் தோலுக்குள் ஒரு நெல்மணி ஆழத்துக்குச் செருகி மறைக்க வேண்டும். புழு வளையாமல் நேராக நிற்கிறதா என்று கண்மட்டத்தில் தூக்கிப் பார்ப்பது முக்கியம். கொஞ்சம் வளைந்திருந்தாலும் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும். ஒழுங்காகக் கட்டிய புழு, விரலை முன்னிருந்து பின்னாக வழித்தாலும் தைக்காது. மீன் வாய்க்குள் வைத்து அழுத்தும்போது மட்டுமே முள் வெளியே வரும்.

குண்டின் எடையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தூர எறிய ஆசைப்பட்டுப் பத்துக் கிராமுக்கு மேல் போடுகிறார்கள். புழு கல்லைப்போல் விழுந்து பாசியின் அடிவேருக்குள் புதைந்துவிடுகிறது. பாசி பாயாகப் படியாத இடத்தில் மூன்றரைக் கிராமும், காற்றடித்தால் ஐந்து கிராமும் போதும். புழு ஒவ்வொரு கிளையாகத் தங்கித் தங்கி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். குண்டு முன்னே ஓடிப் புழு பின்தங்காதிருக்க, ஒரு பல்குச்சித் துண்டையோ இரப்பர் முளையையோ குண்டின் துளையில் செருகிப் பிணைத்துவிடலாம். குண்டு ஈயமாக இருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அறுந்து அடியில் விழும் சிறு ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகும் பறவைகளில் லூனும் ஒன்று. நம் கைகளில் புழங்கும் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பது அதே பறவைதான். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளுக்குத் தடையும் உண்டு. ரங்ஸ்ரன் குண்டு விலை கூடியதுதான். ஆனால் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதால் அதே எடைக்கு உருவில் சிறியதாக இருக்கும், பாசிக்குள் வழுக்கிக்கொண்டும் போகும்.

குண்டே இல்லாமல் இறக்கும் முறையும் ஒன்று உண்டு. உப்புச் சேர்த்து வார்த்த, பென்சில் போன்ற மொத்தப் புழுவைச் சரிநடுவில் ஒரு முள்ளால் குத்தி, பாசிக்கு நடுவே தெரியும் வெளிகளில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் அந்த முறை. இரு முனைகளும் மெல்ல நடுங்கியபடி அது தானாகத் தாழும். தெளிந்த நீரில், வெயில் ஏறிய பிறகு, சந்தேகப்பட்டு நிற்கும் மீனுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை. இங்கே சோதிக்கப்படுவது தூண்டில்காரரின் பொறுமை மட்டுமே. இரையைச் சும்மா விடுவதற்கு நம்மில் பலருக்குக் கை வராது.

நரம்பைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் பாதி உண்மை. புளோரோகார்பன் நரம்பின் ஒளிவிலகல் எண் 1.42, நீரினது 1.33, நாம் தங்கூசி என்று அழைக்கும் நைலோனினது 1.5க்கும் மேல். எனவே புளோரோகார்பன் நீருக்குள் குறைவாகவே தெரியும் என்பது சரி. அதனால் எல்லா இடத்துக்கும் அதுவே என்று முடிவுகட்டுவதுதான் பிழை. மில்ஃபொயில் பாயின் மேல் தவளையை ஊரவிடும்போது மீனின் கண்ணுக்கு நரம்பு படுவதே இல்லை. அங்கே வேண்டியது பாசியை அறுத்துக்கொண்டு வரக்கூடிய, 50 இறாத்தலுக்குக் குறையாத பாரத்தைத் தாங்கும் பின்னல் நரம்பு. புளோரோகார்பன் நீரில் தாழும் என்பதால் மேற்பரப்பு இரையின் மூக்கையும் கீழே இழுத்துவிடும். பாசி ஓரத்தில் புழுவை இறக்கும்போது, பின்னல் நரம்பின் முனையில் இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) அளவுக்குப் புளோரோகார்பனை முடிந்துகொள்வதே என் வழக்கம். பின்னலில் கொத்து கைக்குத் தெளிவாகத் தெரியும். முனை மீனின் கண்ணுக்குத் தெரியாது.

தெளிந்த நீரின் உண்மையான பாடம் தூரம்தான். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் தலைக்குமேல் உள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடும். அந்த வட்டத்தின் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப்போல் இரண்டேகால் மடங்கு. இரண்டு மீற்றர் ஆழத்தில் நிற்கும் பாஸுக்கு நாலரை மீற்றர் அகலச் சாளரம். அதற்கு அப்பால் தூரத்தில் இருப்பவை வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் கிடக்கும். படகில் எழுந்து நின்று எறிபவர் அந்த விளிம்பிலிருந்து தலைகாட்டுவார். அமர்ந்து, இருபது மீற்றருக்கு அப்பாலிருந்து எறிபவர் ஏறக்குறைய மறைந்துவிடுவார். கைபேசியில் உரத்துப் பேசுவதைவிடப் படகின் தகரத் தரையில் ஈயக்குண்டொன்றைத் தவறவிடுவது மீனைக் கூடுதலாகக் கலைக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எறியும்போது இரையை மீன் இருக்கக்கூடிய இடத்தின் மேல் நேரே போடாமல், இரண்டு மூன்று மீற்றர் அப்பால் போட்டு இழுத்துக்கொண்டு வர வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழல் நமக்கு முன்னே ஓடிப் போய்ச் செய்தி சொல்லிவிடும். நீர்மட்டத்தைச் சுருக்கிவிடும் மெல்லிய காற்றுள்ள நாளைக் குறைசொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. கண்ணாடி போன்ற அமைதியான நண்பகலோடு ஒப்பிட்டால் அந்தக் காற்றே வரம்.

தவளை இரையைப் பற்றி எழுதும்போது எனக்கு வவுனிக்குளம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. தாமரை இலைகளுக்கிடையே விராலுக்குத் தவளை போட்ட பெரியவர்கள், விரால் வாய் வைத்ததும் இழுக்கக்கூடாது, அது கவ்வித் திரும்பும்வரை நரம்பைக் கொடுக்க வேண்டும் என்று அடித்து அடித்துச் சொல்வார்கள். இங்குள்ள பொள்ளல் இரப்பர்த் தவளைக்கும் விதி அதுவேதான். அதன் இரு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் அல்லி இலையில் மாட்டாது. பாஸ் அதைக் கவ்வி நசுக்கினால்தான் முட்கள் வெளிப்படும். நீர் வெடித்துச் சிதறும் சத்தத்தில் பதறி உடனே இழுப்பவருக்குத் தவளை மட்டும் திரும்பி வரும். ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணி, நரம்பில் பாரம் தெரிந்த பிறகு, இருக்கும் பலத்தையெல்லாம் சேர்த்துத் தடியை உயர்த்த வேண்டும். நமது பெரியவர்கள் பயன்படுத்தியது உயிர்த் தவளை. நான் சொல்வது இரப்பர். மற்றப்படி அல்லிக்குளத்தில் விரால் பிடித்த கைக்கு இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகமில்லை. (விராலை உயிரோடு இங்கே கொண்டுவருவதோ வைத்திருப்பதோ ஒன்ராறியோவில் சட்டவிரோதம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏக்கம் யாரையும் வழக்கில் மாட்டிவிடக்கூடாது.)

கடந்த ஆண்டு ஜூலை மாதத்தில் பதின்மூன்று வயது மருமகனைப் பால்சம் ஏரிக்கு அழைத்துப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு, கபேஜ் முடிந்து அடித்தரை ஆழத்துக்கு இறங்கும் ஓரத்தில், மூன்று மீற்றர் ஆழத்தில் மணலும் இலையும் தெளிவாகத் தெரிந்தன. அவன் கையில் அவனே கட்டிய புழு. முதல் அரைமணி நேரம் அவன் ரீலை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், புழு பாசிக்குமேல் நீந்தி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. சுற்றாமல் தடியை மட்டும் மெல்ல உயர்த்தித் தாழ்த்துமாறு சொன்னேன். சிறிது நேரத்தில் அவன், “மாமா, இது பாசியா மீனா?” என்று கேட்டான். பாசியானால் பாரம் ஒரே அளவில் இருக்கும், மீனானால் பாரம் நகரும் என்று நான் சொல்லி முடிக்குமுன், தொய்ந்திருந்த அவனுடைய நரம்பு நீர்மேல் இடப்பக்கமாகச் சத்தமின்றி நடக்கத் தொடங்கியது. கையில் ஒரு தட்டும் தெரியவில்லை என்று பிறகு சொன்னான். தெளிந்த நீரில் கொத்து பெரும்பாலும் இப்படித்தான் வரும். கையைவிடக் கண்ணே முந்தும். அவன் இழுத்த மீன் நேரே கபேஜுக்குள் பாய்ந்து சுற்றிக்கொண்டது. அப்போது தடியை வெட்டி வெட்டி இழுத்தால் நரம்பு அறும், அல்லது உதடு கிழியும். நரம்பை விறைப்பாக வைத்தபடி படகை மெல்ல நெருக்கி, செடியோடு சேர்த்து அள்ளிவிடலாம். அப்படித்தான் அள்ளினோம்: கைநிறையப் பச்சை இலை, அதற்குள் நாற்பது சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு மீன். ஈரக் கையால் கீழுதட்டைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டான். எனக்கு அது மதியச் சாப்பாட்டுக்கு ஆகியிருக்கும் என்ற எண்ணம் இருந்ததை அவனிடம் சொல்லவில்லை.

நிறங்களுக்குக் கட்டுரை ஒதுக்கிய இரண்டு பத்திகளுக்கு இரண்டு வரி போதும். பெரியவாய் பாஸின் கண் சிவப்பையும் பச்சையையும் நன்கு பிரித்தறியும் என்றும், எலுமிச்சைப் பச்சையை வெள்ளையோடும் நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொள்ளும் என்றும் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தெளிந்த நீரில் பாசியின் நிறத்தையொத்த பச்சைப் புழு ஒரு பொதியும், முகில் மூடிய நாளுக்கு ஒரு கறுப்புப் பொதியும் இருந்தால் கோடை முழுவதும் சமாளித்துவிடலாம். மீதி நிறங்கள் கடைக்காரருக்கு.

இறுதியாக அந்தத் தவறுக்கு வருகிறேன். ‘மே மாத நீண்ட வார இறுதியில் குடும்பத்தோடு பாஸ் பிடிக்கக் கிளம்புங்கள்’ என்று கட்டுரை அழைப்பு விடுத்திருக்கிறது. கவார்த்தா ஏரிகள் அடங்கும் 17ஆம் மீன்வள வலயத்தில் பாஸ் பிடிக்கும் பருவம் ஜூன் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமைதான் தொடங்குகிறது. மே மாதத்தில் திறந்திருப்பது வால்ஐ போன்ற வேறு மீன்களுக்கான பருவம். இதைத் தேதிக்கணக்கு என்று தள்ளிவிட முடியாது. நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, அதாவது மே பிற்பகுதியிலும் ஜூன் முற்பகுதியிலும், ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற நீரில் வாலால் மணலைத் துடைத்துக் கூடு அமைத்து, பெண் இட்ட முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் காவல் காக்கிறது. தெளிந்த நீரில் அந்தக் கூடுகள் கரையில் நிற்பவருக்கே வட்டத் தட்டுகளாகத் தெரியும். காவல் நிற்கும் மீன் எதை எறிந்தாலும் விரட்டிக் கடிக்கும். அதைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு உடனே திருப்பி விட்டாலும்கூட, அந்தச் சில நிமிடங்களுக்குள் சுற்றி நிற்கும் சூரியமீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஆகவே ‘பிடித்துவிட்டு விட்டுவிடுகிறேன்’ என்பது மூடிய பருவத்தில் சமாதானமாகாது. அப்போது பாஸைக் குறிவைத்து எறிவதே குற்றம். வலயத்துக்கு வலயம் தேதிகளும் எண்ணிக்கை வரம்புகளும் வேறுபடுவதால், மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி விதித்தொகுப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதே பாதுகாப்பு. பதினெட்டு முதல் அறுபத்து நான்கு வயது வரையானோருக்கு உரிமம் வேண்டும் என்பதையும் கட்டுரை குறிப்பிடவில்லை.

படகு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மில்ஃபொயிலின் ஒரு சிறு துண்டு உந்துவிசிறியில் ஒட்டிக்கொண்டு வேறொரு ஏரிக்குப் போனால், அங்கே அதுவே வேர்விட்டுவிடும். துறையிலிருந்து ஏறுமுன் இழுவை வண்டியிலும் விசிறியிலும் ஒட்டிய பச்சையைக் கையால் களைந்து, படகின் நீரை முற்றாக வடியவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்ராறியோவில் இது இப்போது சட்டமாகவும் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, இரைகளைப் பற்றிய என் மாறுபட்ட கருத்துகளைத் தாங்கள் ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். வேறு தூண்டில்காரர்கள் என்னோடு முரண்படுவார்கள் என்றும் நன்றாகவே தெரியும். மே மாதம் பற்றிய அந்த வரியை மட்டும் அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில் திருத்தி வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் எங்கள் பலசரக்குக் கடையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் காசுமேசைக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ.